பொங்காத பால்

— மறுபடியுமா? மறுபடியும் பால் காய்ச்சணுமா? ஏன் காந்தா, ஒரே வீட்டுக்கு எத்தன தடவ பால் காய்ச்சுவாங்க? கேக்க ஒனக்கே வெக்கமா இல்ல?

— மலர் அக்கா, நான் சொல்றத முழுசா கேளுங்க லா. பால் கூட வேணாம். சட்டி அடுப்பு மேல இருந்தா போதும். ஒரு அடுப்பு, ஒரு சட்டி, சாமி படம், வாசல்ல நாலஞ்சு செருப்பு. கொடியில துணி கொஞ்சம் தொங்கட்டும். வீட்டுல ஆளுங்க இருக்குற மாதிரி தெரியணும், அவ்வளவுதான். காலையில வந்து மத்தியானத்துக்குள்ள திரும்பிடலாம். நானே காடி அனுப்புறேன்.

— தெரியணும்.

— ஆமாக்கா.

— இருக்க வேணாம். இருக்குற மாதிரி தெரியணும்.

— வார்த்தைய புடிச்சிக்காதீங்க லா. நாளைக்கி மாநிலத்துலருந்து வீடமைப்புக் கண்காணிப்புக் குழு வருது. கால் கை முடியாதவங்களுக்குன்னு ஒதுக்குன கீழ் வீட்டுல எல்லாம் யாரு இருக்கா, எவரு இருக்கான்னு கதவத் தட்டிப் பாக்கப் போறாங்க. கிளேபாங் பிளாட்டுலதான் ஆரம்பிக்கிறாங்க. ஒங்க வீட்டுக் கதவத் தட்டுனா நீங்கதானே தொறக்கணும்?

— எங்க வீடு! நல்லா வருது ஒன் வாயில. மெதுவா பேசு, இவரு உள்ள தூங்குறாரு. அந்த வீட்டுச் சாவிய நான் இன்னும் கண்ணால பாத்ததில்ல, கதவ நான் தொறக்கணுமாம்.

— சாவி குடுத்தோமேக்கா. நம்ம தொகுதி சட்டமன்றத்து ஒய்.பி. கையால வாங்குனீங்க. பேப்பர்ல போட்டோ வந்துச்சே.

— அது சாவியாடா? வெள்ள நொரையட்டைய வெட்டி தங்கக் கலர் அடிச்சது. எங்க பொண்ணு கலைமகள் இடுப்பு ஒசரம் இருந்துச்சி. மேடையில அதத் தூக்கிப் புடிச்சிட்டு நின்னோம். இவரு ஒத்தக் கால்ல, நான் ஒரு பக்கம், ஒய்.பி. ஒரு பக்கம், நீ நடுவுல பல்லக் காட்டிக்கிட்டு. எறங்குனதும் நெசச் சாவி எங்க தம்பின்னு கேட்டேன். வரும்னு சொன்ன. அடுத்த மாசம்னு சொன்ன. வருசம் திரும்பிடுச்சி.

— ஸ்டெப் பை ஸ்டெப்தான் அக்கா போவும். கவர்மெண்டு வேல. நல்ல வேள, ஞாபகப்படுத்துனீங்க. அந்தப் பெரிய சாவி எங்க இருக்கு? அதையும் நாளைக்கி எடுத்துட்டு வாங்க. ஹால்ல செவுத்துல சாய்ச்சி வச்சா நல்லா இருக்கும். குழுவுக்கு ஒரு இது.

— கோழிக் கூட்டுக்குக் கதவா வச்சிருக்கேன்.

— அய்யோ! அக்கா, அதுல கவுன்சில் லோகோ இருக்கு.

— லோகோ மேலதான் கோழி பேண்டு வச்சிருக்கு. கழுவித் தரவா?

— வெளயாடாதீங்க லா.

— யாரு வெளயாடுறது? பொட்டச்சி நானா, கவுன்சிலர் நீயா? அன்னிக்கி நடந்தது ஞாபகம் இருக்கா ஒனக்கு? பச்சப் பால் வாங்கிட்டு வந்தேன். சமயக்கட்டு நெலையில மஞ்சத் தடவி குங்குமம் வச்சேன். கெழக்கப் பாத்து அடுப்ப வச்சி, சட்டிக் கழுத்துல மஞ்சக் கொத்து கட்டி, பால ஊத்துனேன். ஓரத்துல நொரை கட்டுது. எல்லாரும் எட்டி எட்டிப் பாக்குறாங்க. ஒங்க ஆபீஸ் பொண்ணு ஒருத்தி ஓடியாந்தா. ஒய்.பி.க்கு அடுத்த ப்ரோக்ராம் இருக்குன்னு சொல்லிட்டு டப்புன்னு அடுப்ப அணைச்சிட்டா. பொங்க விடல காந்தா. பொங்காத பாலுக்கு நீங்க எல்லாரும் நின்னு கை தட்டுனீங்க. அந்தச் சத்தம் இன்னும் என் காதுல இருக்கு. கர்மம்.

— அது அந்தப் பொண்ணுக்குத் தெரியாதுக்கா. மலாய்க்காரப் புள்ள. நம்ம வழக்கம் அதுக்கு எப்படித் தெரியும்?

— அந்தப் புள்ளைக்குத் தெரியாது, சரி. பக்கத்துல நின்ன ஒனக்குத் தெரியாதா? இந்தத் தோட்டத்து லயத்து வீட்டுல பொறந்தவன்தானே நீ? நம்ம சனம் பால் பொங்காம வீட்டுக்குள்ள பாய் விரிச்சிப் பாத்திருக்கியா? பால் காய்ச்சுன அன்னிக்கி ராத்திரி அந்த வீட்டுல படுக்கணும்னு தெரியாதா? கை தட்டி முடிச்சதும் எங்கள வேன்ல ஏத்தி இங்கயே கொண்டாந்து எறக்கி விட்டுட்டீங்க. பைப்பு வேல இருக்கு, கதவுக்குப் பெயிண்டு அடிக்கணும்னு. அந்தப் பால சிங்க்ல கொட்டிட்டு சட்டிய கழுவாம என் கையில குடுத்தாங்க. வழியெல்லாம் மடியில வச்சிட்டு வந்தேன். அந்தத் தீஞ்ச வாசன போவவே இல்ல.

— சரிக்கா. மன்னிச்சிக்குங்க. இப்ப நாளைக்கி கதைக்கி வருவோம். அந்த முருகன் படம் இருக்குமே, பெரிசா, அத எடுத்துக்குங்க. எங்க, செவுத்துல காணோம்?

— கழட்டி வச்சிருக்கேன். கூர ஒழுகுது.

— என்னாக்கா வீடே வெறிச்சோன்னு இருக்கு?

— மிச்சம் என்னா இருக்கும்? தோட்டத்த வித்துட்டானுங்க. பக்கத்து வீடெல்லாம் தகரத்த உருவிட்டானுங்க. தண்ணிய வெட்டிட்டானுங்க. மேனேஜர் ஆபீஸ்ல போயி கேட்டேன், இவருக்கு முடியல, கொஞ்ச நாளைக்கி தண்ணி விடுங்க சார்னு. என்னா சொன்னான் தெரியுமா? ஒனக்குத்தான் கிளேபாங்ல வீடு கெடச்சிடுச்சே, பேப்பர்ல பாத்தேனே, லயம் எதுக்குன்னான். ஒன் போட்டோ செஞ்ச வேலய பாத்தியா? மத்தவங்களுக்கெல்லாம் செலண்டார்ல தற்காலிக வீடு குடுத்தானுங்க. எனக்கு இல்ல. ஏன்னா நான் வீட்டுக்காரி!

— அத நான் பேசிக்கிறேன்.

— நீ எப்பவும் பேசிக்கிறவன்தானே. இவரு எப்படிக் குளிக்கிறாருன்னு தெரியுமா ஒனக்கு? கக்கூஸ் லயத்துக்குப் பின்னால. ராத்திரியில போவ முடியாது, பாம்பு. பிளாஸ்டிக் நாற்காலிய ஓட்ட போட்டு அதுல ஒக்கார வச்சி, கீழ வாளிய வச்சி, நானும் பொண்ணும் ஆளுக்கொரு பக்கம் புடிச்சிக்கிறோம். பெத்த பொண்ணு முன்னால. போன மழையில நாற்காலி வழுக்கி வாய்க்கால்ல விழுந்தாரு. பாமாயில் மில் தண்ணி ஓடுற வாய்க்கா. வெட்டுன கால்ல அந்தக் கருமம் பட்டுச்சி. தூக்குறப்ப மூஞ்சிய அந்தாண்ட திருப்பிக்கிட்டாரு. நீ வந்து செருப்பு வை, துணி தொங்கப் போடுன்னு நாடகம் பேசிக்கிட்டு இருக்க.

— நாடகம் இல்லக்கா. வீடு ஒங்க பேர்லதான் இருக்கு. இன்னிக்கி வரைக்கும் மாறல. கவுன்சில் கம்ப்யூட்டர்ல தட்டுனா சுப்பன், மனைவி மலர்க்கொடி, மகள் ஒன்னு, குடியிருக்காங்கன்னுதான் வரும்.

— குடியிருக்கோமா?

— ரிக்கார்டுல.

— அப்ப அந்த ரிக்கார்டுல போய்ப் படுத்துக்கிறோம். சரி, ஒரே ஒரு கேள்வி கேக்குறேன். அந்த வீட்டுல இப்ப யாரு இருக்கா?

— யாரும் இல்லக்கா. சும்மா பூட்டிக் கெடக்கு. பைப்பு வேல இன்னும் முடியல. கான்ட்ராக்டர் பிரச்சன.

— யாரும் இல்ல.

— சத்தியமா.

— அம்மா மேல சத்தியமா?

— என்னாக்கா நீங்க, போயி அம்மாவ எல்லாம் இழுத்துக்கிட்டு. தண்ணி ஏதாச்சும் இருந்தா குடுங்க லா, தொண்ட காயுது.

— காஸ் தீந்து போச்சி. சகீனாக்கா கடையில தேத்தண்ணி சொல்லியிருக்கேன். இந்தா, அவங்களே வந்துட்டாங்க.

— மலரு! உள்ள வரலாமா புள்ள? தே கட்டிக் கொண்டாந்திருக்கேன். கூடையும் கொண்டாந்திருக்கேன், கோழிய புடிச்சிப் போட. அட, யாரு இது? கவுன்சிலர் தம்பியா? வாசல்ல பெரிய காடி நிக்கிதேன்னு பாத்தேன்.

— சகீனாம்மா, நல்லா இருக்கீங்களா? கோழிய விக்கிறாங்களா இவங்க?

— விக்கல தம்பி. எனக்குச் சும்மா குடுக்குறா. முட்டையாவது சாப்புடுவேனேன்னு. நீங்க குடிங்க. ஒங்களுக்குச் சீனி கொறச்சலா கட்டச் சொன்னேன், கவுன்சிலருங்களுக்கு எல்லாம் சீனி வியாதின்னு கேள்வி.

— அக்கா, நல்ல நேரத்துல வந்தீங்க. தம்பி இப்பதான் சத்தியம் பண்ணிட்டிருந்தான். கிளேபாங் வீட்டுல யாருமே இல்லையாம். பூட்டிக் கெடக்காம்.

— யா அல்லா. எந்த வீடு? ஒனக்குக் குடுத்த வீடா?

— அதான்.

— யாருமே இல்லையா தம்பி? அப்ப எங்க தம்பி மவ ஃபாத்திஹா பினாங்குலருந்து கல்யாணத்துக்கு வந்து, புள்ளைங்களோட ரெண்டு நாளு தங்குனாளே, அது எந்த வீடு?

— சகீனாம்மா, அது வேற பிளாக்கா இருக்கும். அங்க எல்லா கட்டடமும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

— நானும் அப்படித்தான் நெனச்சேன் ராசா. புள்ளைங்கள பாக்க பிரியாணி எடுத்துட்டு போனேன். வாசல் கம்பியில சின்னதா ஒரு பொட்டி தொங்குச்சி. நம்பர அமுக்குனா பொட்டி தொறந்து உள்ளாற சாவி. ஆளுகிட்ட பேச வேணாம், மூஞ்சிய பாக்க வேணாம். அடேங்கப்பா, நல்ல ஏற்பாடா இருக்கேன்னு உள்ள போனா, மெத்த மேல துண்ட அன்னம் மாதிரி மடிச்சி வச்சிருக்கு. செவுத்துல மலாக்காவுக்கு வருக வருகன்னு எழுத்து. சரின்னு பிரியாணிய வைக்க சமயக்கட்டுக்குப் போனேன். நெலையில பாத்தா மஞ்சத் தடவி, மூணு பொட்டு குங்குமம். பெயிண்டு அடிச்சிருக்கானுங்க, ஆனா சரியா அடிக்கல, செவப்பு தெரியுது. நான் சாமி கும்புடுறவ இல்ல தம்பி. ஆனா மலரு பொட்டு வைக்கிற கைய எனக்குத் தெரியும். நடுப் பொட்டு மட்டும் கொஞ்சம் எறக்கி வைப்பா. என் கட தொறப்புக்கு வந்தப்பவும் கல்லாப் பொட்டியில அப்படித்தான் வச்சா.

— சொல்லுங்கக்கா, குளிக்கிற எடத்தயும் சொல்லுங்க.

— அது எதுக்குப் புள்ள. நாத்தம்.

— சொல்லுங்க. கவுன்சிலர் ஐயா கேக்கட்டும். கண்காணிக்கிறவரு இல்ல?

— செவுத்துல இரும்புக் கம்பி போட்டிருக்குல்ல, முடியாதவங்க புடிச்சி எந்திரிக்க. அதுல முன்னால தங்கிட்டுப் போன எவனோ கடல்ல குளிச்ச ஜட்டிய தொங்க விட்டுட்டுப் போயிட்டான். எடுக்கக் கூட ஆளு இல்ல.

— கேட்டியா காந்தா? என் புருசன் புடிச்சி எந்திரிக்கணும்னு போட்ட கம்பி. அதுல எவனோ ஒருத்தன் ஜட்டி காயுது. இவரு இங்க வாய்க்கால்ல கெடக்குறாரு. த்தூ! துப்புறதுக்குக் கூட எனக்கு எச்சி பத்தல.

— அக்கா... அக்கா, கொஞ்சம் இருங்க லா. கத்தாதீங்க. நான் சொல்லிடுறேன்.

— சொல்லு. யாரு நடத்துறது?

— மச்சான் ஷங்கர். என் சம்சாரத்தோட தம்பி. வீடு சும்மா கெடக்குதே, பைப்பு வேல முடியிற வரைக்கும் பாத்துக்கிறேன்னு சாவிய வாங்கிட்டு போனான். நான் ஹோம்ஸ்டேன்னு நெனைக்கல. அப்புறம் தெரிஞ்சப்ப... நிறுத்த முடியல. கவுன்சிலர்னா என்னா நெனக்கிறீங்க நீங்க? கோயில் திருவிழான்னா நான், சாவுன்னா நான், புள்ள பள்ளிக்கூடத்துல சேரணும்னா நான். எல்லாம் என் கையிலருந்துதான் போவுது. எங்கேருந்து வரும்?

— ஒத்தக் கால்காரன்கிட்டருந்து வரும்.

— தப்புதான் அக்கா. நான் இல்லன்னு சொல்லல.

— நீ எந்தக் கமிட்டியில இருக்க?

— ...வீடமைப்பு.

— சத்தமா சொல்லு, சகீனாக்காவுக்கு காது கொஞ்சம் மந்தம்.

— வீடமைப்புக் கமிட்டி. கவுன்சில் பக்கத்துலருந்து.

— அப்ப நாளைக்கி அந்தக் குழுவோட நீயும் வருவ. ஒன் மச்சான் வீட்டுக் கதவ நீயே தட்டுவ. என்னய தொறக்க வச்சி, பாருங்க நல்லா இருக்காங்கன்னு நீயே சொல்லுவ. நீயே திருடுவ, நீயே வெளக்கப் புடிச்சிட்டு தேடுவ. எனக்கு ஒன் மேல கோவம் கூட வரல காந்தா. அருவருப்பா இருக்கு. அழுகுன மீன தொட்ட மாதிரி கைய கழுவணும் போல இருக்கு. கழுவலாம்னா தண்ணி இல்ல.

— மலரு, மூச்சு வாங்குது ஒனக்கு. தே குடி.

— குடிக்கிறேன்கா. இவன பெத்தவ கருப்பாயி கடசி நாளுல எங்க கெடந்தா தெரியுமா ஒங்களுக்கு? இந்த வீட்டுல. இந்த எடத்துல. இவன் அப்ப கோலாலம்பூர்ல கட்சிக் கூட்டம்னு சுத்துறான். அவளுக்கு மூத்திரம் கூட தானா போவ முடியல. தெனம் காலையில அவள கொழந்த மாதிரி தூக்கிட்டுப் போயி ஒக்கார வச்சி, கழுவி, தூக்கிட்டு வந்தது யாரு? இவருதான். ரெண்டு காலும் இருந்தப்ப. மூஞ்சிய ஒரு தடவ சுளிச்சதில்ல.

— தெரியும் அக்கா.

— தெரியுமா? தெரிஞ்சேதான் செஞ்சியா? தெரியாமத்தான் செஞ்சிருப்பன்னு இவ்வளவு நாளு நெனச்சிட்டு இருந்தேன்.

— நான் சரி பண்ணிடுறேன். இந்தத் தடவ நெசமா. நாளைக்கி மட்டும் எனக்கு இத செஞ்சி குடுங்க. குழு போவட்டும். அது முடிஞ்சதும் ஷங்கர வெளிய அனுப்பிட்டு சாவிய ஒங்க கையில குடுக்குறேன்.

— எதுக்கு நாளைக்கி? இன்னிக்கே குடேன். இப்பவே போயி படுத்துக்கிறோம். காலையில செருப்பு வைக்கிற வேலையும் மிச்சம்.

— இன்னிக்கி முடியாதுக்கா.

— ஏன்?

— இன்னிக்கி... ஒரு குடும்பம் புக் பண்ணியிருக்கு. மத்தியானமே உள்ள வந்திருப்பாங்க. காலையில காலி பண்ணிடுவாங்க. அவங்க போனதும் ஷங்கர் அன்னம் கின்னம் எல்லாத்தயும் எடுத்துருவான். நீங்க உள்ள போயி ஒக்காந்துக்க வேண்டியதுதான்.

— எந்த ஊர்க்காரங்களாம்?

— யாருக்குத் தெரியும்? போன்லதான் புக் பண்றாங்க. ஒரு பொண்ணு கேட்டுச்சாம், கூட வர்றவருக்குப் படி ஏற முடியாது, கீழ் வீடுதானேன்னு ரெண்டு மூணு தடவ. ஷங்கர்தான் சொல்லிச் சிரிச்சான்.

— எதுக்குச் சிரிச்சானாம்?

— அது ஒன்னுமில்லக்கா. முடியாதவங்களுக்குன்னு கட்டுனதுல நல்லா வியாபாரம் ஆவுதுன்னு... சும்மா வெளயாட்டுக்கு. நான் அவன ஏசிட்டேன்.

— அடப் பாவிகளா.

— சகீனாம்மா, நீங்களுமா லா? விடுங்க. மலர் அக்கா, என்னா சொல்றீங்க? குழு அந்த வீட்டுல வேற யாராச்சும் இருக்குறத பாத்துச்சின்னா, வீட்டையே திருப்பி எடுத்துக்குவாங்க. எனக்கு மட்டும் இல்ல, ஒங்களுக்கும்தான் போச்சி. வேற குடும்பத்துக்குப் போயிடும். ஒங்க பேர்ல வாடகைக்கி விட்டீங்கன்னு ஒங்க மேலயே எழுதிடுவாங்க. நெனச்சிப் பாருங்க.

— மெரட்டுறியா?

— உள்ளதச் சொல்றேன்.

— அப்ப குழு வர்றப்ப நாங்க அந்த வீட்டுல இருந்துட்டா?

— இருந்துட்டா எல்லாமே சரி! பேரு சரி, ஆளு சரி, காலு... மன்னிக்கணும், எல்லாம் சரியா இருக்கும். குழு ஒரு தடவ பாத்து டிக் பண்ணிட்டா அப்புறம் கவுன்சிலே நெனச்சாலும் ஒங்கள அசைக்க முடியாது. அவ்வளவு பவர் அவங்களுக்கு.

— அசைக்க முடியாது.

— யாராலயும்.

— ஒன்னாலயும்?

— என்னாக்கா நீங்க. நான் எதுக்கு ஒங்கள அசைக்கப் போறேன்?

— சகீனாக்கா, கேட்டுக்கிட்டீங்களா?

— நல்லாவே கேட்டுச்சி புள்ள. என் காது ஒன்னும் மந்தம் இல்ல.

— சரி காந்தா. நாளைக்கி வந்து கதவத் தட்டு. நான் தொறக்குறேன்.

— நெசமாவா?

— நெசமாத்தான். அடுப்பு இருக்கும், சட்டி இருக்கும், சாமி படம் இருக்கும். செருப்பும் இருக்கும். ஒத்தச் செருப்பு ஒன்னு சேத்து.

— அக்கா, நீங்க தெய்வம் லா. அம்மா இருந்திருந்தா ஒங்க கால்ல விழுந்திருப்பா.

— அவ விழுந்திருக்க மாட்டா. ஒன் கன்னத்துல நாலு வச்சிருப்பா.

— வைக்கட்டும், வைக்கட்டும். காலையில ஏழு மணிக்கெல்லாம் காடி வந்துடும். ஹரிதாஸ் லோரி கூட வேணாம், சாமான் கொஞ்சந்தானே. எங்க, அவன் லோரியயும் காணோமே? எப்பவும் இந்த மரத்தடியிலதான் நிக்கும்.

— சாமான் ஏத்திட்டு போயிருக்கான்.

— சரிக்கா, கெளம்புறேன். மாமாவ ஒரு தடவ பாத்துட்டு போறேன். தூங்குனா எழுப்ப மாட்டேன்.

— வேணாம் காந்தா.

— ஒரு நிமிசம்கா. நானே நேரா மன்னிப்பு கேட்டாத்தான் என் மனசு ஆறும். மாமா... மாமா...? என்னாக்கா இது? மாமா எங்க? கட்டிலக் காணோம். சக்கர நாற்காலியக் காணோம். ரூம்புல ஒன்னுமே இல்லியே!

— நீயேதானே சொன்ன, வீடு வெறிச்சோன்னு இருக்குன்னு.

— தூங்குறாருன்னு சொன்னீங்க!

— தூங்குவாரு. மெத்த நல்லா இருக்குன்னு சகீனாக்கா சொன்னாங்க.

— எந்த மெத்த? அக்கா, எங்க அவரு? ஆஸ்பத்திரியா?

— இரு, போன் அடிக்குது. கலைதான். சொல்லுடி... உள்ள போயிட்டீங்களா?... அந்தப் பொட்டி தொறந்துச்சா?... நம்பர் சரியா இருந்துச்சா, நல்லது... அப்பாவ எறக்கியாச்சா?... படி இல்ல, ஆமாண்டி, அதுக்குத்தானே அந்த வீடு... குளிச்சாரா? தானா புடிச்சி எந்திரிச்சாரா? தானாவா?... அழுவாதடி. அழுவாத. அந்தக் கம்பிய நல்லா கழுவுனியா மொதல்ல?...

— அக்கா. அக்கா! அந்தக் குடும்பம் நீங்களா?

— ...ஹரிதாஸ் அண்ணன் பூட்டு வாங்கியாந்துட்டாரா?... மாட்டிட்டாரா, சரி. அந்தப் பொட்டிய கழட்டி வீசிடச் சொல்லு. இரு, லைன்ல இரு, இங்க ஒருத்தர்கிட்ட பேசணும்.

— பூட்ட மாத்துனீங்களா? என்னா வேல பண்ணியிருக்கீங்க? ஷங்கருக்குப் போன் போடுறேன். போலீஸக் கூப்புடுறேன். இது அத்துமீறல்!

— கூப்புடு. வந்தா என்னான்னு சொல்லுவ? சுப்பன் பேர்ல இருக்குற வீட்டுல சுப்பன் படுத்திருக்காரு, புடிச்சி வெளிய போடுங்கன்னு சொல்லுவியா? ஒன் கம்ப்யூட்டர்லயே நாங்கதானே குடியிருக்கோம்? அத்துமீறி நொழையலடா. புக் பண்ணிப் போயிருக்கோம். எங்க வீட்டுக்கு நாங்களே ஒன் மச்சானுக்கு வாடகை கட்டி உள்ள போனோம்.

— அப்ப இவ்வளவு நேரம் என்னய ஏன் ஒக்கார வச்சீங்க?

— யாரு ஒக்கார வச்சா? கோழிய சகீனாக்கா கையில குடுத்துட்டு ரெண்டாவது நடையில போவலாம்னு நின்னேன். நீயா வந்த. குழு நாளைக்கி வருதுன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? உள்ள போயி ஒக்காந்துட்டா அப்புறம் நடக்குறது நடக்கட்டும்னுதான் போனோம். எந்நேரமும் ஒன் ஆளுங்க வந்து இழுத்துப் போடுவாங்கன்னு பயந்துக்கிட்டேதான் போனாரு மனுசன். ஒருத்தராலயும் அசைக்க முடியாதுன்னு இப்ப நீயே வந்து சொன்ன பாரு, அப்பத்தான் எனக்கு உசுரே வந்துச்சி.

— இன்னிக்கே வெளிய வாங்க அக்கா. நல்லதுக்குச் சொல்றேன்.

— வெளிய வந்தா நாளைக்கி ஒனக்கு யாரு கதவு தொறப்பா? ஒன் மச்சானா?

— தம்பி, தே ஆறிப் போச்சி. குடிச்சிட்டு கெளம்புங்க. அந்தப் பெரிய சாவிய வேணும்னா எடுத்துட்டுப் போங்க, இனிமே கூட்டுக்குக் கதவு தேவப்படாது.

— கலை, இருக்கியாடி?... அடுப்பு கெழக்கப் பாத்துதானே?... நொரை கட்டுதா? அப்பாவ நாற்காலியோட பக்கத்துல தள்ளிட்டு வா, அவரு பாக்கட்டும். இந்தத் தடவ எவன் வந்து சொன்னாலும் அடுப்ப அணைக்காத. பொங்கட்டும். பொங்கி, வழிஞ்சி, அந்த வீட்டுத் தரையெல்லாம் ஓடட்டும்.